முகத்தில் பட்ட காயம்



"சின்னக் காயம்தானே, தானா ஆறிடும்" என்று சொல்லாத வீடு நம் ஊரில் இல்லை. காலில் பட்ட காயத்துக்கு அந்தப் பேச்சு சில நேரம் பொருந்தும். முகத்தில் பட்டால் அளவைப் பார்க்காதீர்கள், எந்த இடத்தில் பட்டது என்று பாருங்கள்.

முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். சிறு கீறல்கூடச் சட்டையை நனைத்துவிடும். பதறாமல், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

ரத்தம் நின்றுவிட்டது, போதுமா? உதட்டுச் சிவப்பும் தோலும் சேரும் கோட்டில் வெட்டுப்பட்டால், தையல் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஆயுசுக்கும் தெரியும். இமை விளிம்பும் காது மடலும் அப்படித்தான். கன்னத்துக்குள் முகத்தசையை இயக்கும் நரம்புகள் ஓடுகின்றன. ஆழமாக வெட்டுப்பட்டவரைக் கண்ணை இறுக மூடச் சொல்லுங்கள், பல்லைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கண் மூடவில்லை, வாய் கோணுகிறது என்றால் நரம்பு அறுபட்டிருக்கலாம். மேல்தோலை மட்டும் தைத்து அனுப்புகிற காயம் அல்ல அது. அடிபட்ட பிறகு வாந்தி, மயக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி நாய்க்கடி. என் நெஞ்சை அதிகம் வாட்டுவது இதுதான். குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. வெறிநோய்க் கிருமி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. முகத்திலிருந்து அந்த வழி மிகக் குறுகியது. நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. கடித்த உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிள்ளை கதறும், நமக்கும் மனசு கேட்காது. இருந்தாலும் கழுவத்தான் வேண்டும். மஞ்சள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், காப்பித்தூளும் வேண்டாம் தாயே! "நம்ம வீட்டு நாய்தானே" என்றும் இருந்துவிடாதீர்கள்.

தடுப்பூசி போட்டாகிவிட்டது என்று திரும்பி வருகிறோமே, அங்கேதான் உயிர் போகிறது. ஊசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காப்பது இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து. அதைக் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் செலுத்துவார்கள். அதற்கு முன்னால் காயத்தைத் தைக்கக் கூடாது. பல் பட்டுத் தோல் கிழிந்த எந்தக் கடிக்கும் இந்த மருந்து வேண்டும். முகத்தில் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

ஆகவே, உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். மருத்துவமனையில் வாய்விட்டுக் கேளுங்கள்: "இம்யூனோகுளோபுலின் இருக்கிறதா?" அங்கே இல்லையென்றால், முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு, அது எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, அந்த மருத்துவமனைக்கு அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.