கடலை மறந்த உடன்படிக்கைகள்

(பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "சாமிக்கு என்ன ஆயிற்று? கடல் எங்கே, அரியலூர் எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகும்போதுதான் நம்மில் பலர் கடலைப் பார்க்கிறோம். ஆனால் நாம் நிற்கும் இந்த மண்ணே ஒரு காலத்தில் கடலடித் தரையாக இருந்தது.

காரையிலும் கல்லங்குறிச்சியிலும் சுருண்ட நத்தை வடிவக் கற்களும் கல்லாய்ப் போன சிப்பிகளும் கிடைக்கின்றன. சாத்தனூர்க் கல்மரமும் அந்தக் கடலில் வந்து புதைந்ததுதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த கடலுயிர்கள் மடிந்து படிந்ததே நம் சுண்ணாம்புக்கல். அதைத்தான் இன்று வெட்டியெடுத்துச் சிமெண்ட் ஆக்குகிறோம். இப்பகுதியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்த வேலையால். நாம் அமர்ந்திருக்கும் இம்மண்டபமும் சிமெண்டால் எழுந்ததே. ஆகவே எவரையும் குறைகூற நான் வரவில்லை.

ஆயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமிலவாயுவாகக் காற்றில் கலந்துவிடும். நிலக்கரிப் புகை தனி. மனிதர் வெளிவிடும் கரியமிலவாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்திலோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே சுமக்கிறது. சுமந்ததன் விளைவு என்ன? நீர் சூடேறிப் புயலுக்கு வலு சேர்க்கிறது, பவளப்பாறைகள் வெளுக்கின்றன, நீரில் அமிலத்தன்மை கூடி, சிப்பி தன் ஓட்டைக் கட்டத் தடுமாறுகிறது. நமக்கு நிலம் கட்டித் தந்த சிப்பி இனத்துக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுவா?

உலக நாடுகள் கூடிப் பேசாமல் இல்லை. 1992-ல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஒப்பந்தம் கடலை, கரியமிலவாயுவை உறிஞ்சும் இடங்களுள் ஒன்றாகக் குறித்தது. 1997-ல் கியோட்டோவில், நாடு விட்டு நாடு செல்லும் கப்பல்களின் புகை எந்த நாட்டின் கணக்கிலும் சேராமல், சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பொறுப்பில் விடப்பட்டது. 2015 பாரிஸ் உடன்படிக்கையில் 29 பிரிவுகள் உண்டு. அவற்றில் ஒன்றிலும் கடல் என்ற சொல் இல்லை. முகவுரையில் மட்டும் ஒருமுறை வந்து போகிறது. 2021-ல் கிளாஸ்கோவில், ஆண்டுதோறும் கடலைப் பற்றி உரையாடுவதென்று முடிவு செய்தார்கள். உரையாடல் கட்டளை ஆகாது. 2023-ல் நடுக்கடல் உயிரினங்களைக் காக்க ஓர் ஒப்பந்தம் நிறைவேறியது. 2024-ல் இந்தியாவும் கையெழுத்திட்டது. நல்லதே. ஆனால் அது புகையைக் குறைக்கும் ஒப்பந்தமன்று.

ஏன் இந்த மறதி? ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் எழும் புகைக்கே கணக்குக் காட்டுகிறது. நடுக்கடலுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஊர்ப்பொது ஏரியைத் தூர்வார ஆளில்லாமல் போவது நாம் அறியாததா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-ல் விடுத்த 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் இதையே சுட்டினார்: கடலைக் காக்கும் ஒப்பந்தங்கள் சிதறிக் கிடப்பதாலும், கண்டிப்பான கண்காணிப்பும் தண்டனையும் இல்லாததாலும் அம்முயற்சிகள் வலுவிழக்கின்றன என்றார்.

இந்த மறதிக்கு விலை கொடுப்பவர் யார்? முதலில் நாகப்பட்டினத்து மீனவர். அடுத்து நாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மழை கொண்டுவருவது வங்கக்கடல்தான். அது நிலைகுலைந்தால் நம் களத்துமேடு நிறையுமா?

பெருவெள்ளத்துக்குப் பின் ஆண்டவர் நோவாவோடு உடன்படிக்கை செய்தபோது, மனிதரை மட்டுமா அதில் சேர்த்தார்? உயிருள்ள யாவற்றையும் சேர்த்தார். மனிதர் எழுதும் உடன்படிக்கையும் அவ்வாறே அமைய வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையையும் குடிநீரையும் கேட்பதுபோல், "கடலுக்காக உலக மேடையில் என்ன பேசினீர்கள்?" என்றும் கேளுங்கள். மருதையாற்றில் நாம் எறியும் குப்பை கொள்ளிடம் வழியாகக் கடலுக்கே போகிறது. அதை இன்றே நிறுத்துங்கள். பிறரைக் கேட்கும் தகுதி நமக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

கடலையும் நிலத்தையும் படைத்து, அவை நல்லவை எனக் கண்ட ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!