பிள்ளையைப் பார்ப்பதும் உழைப்பே!

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, குடிசை மாற்று, குடிநீர், ரேஷன் கடை என்று எத்தனையோ கூட்டங்களை இந்த மும்பை மாநகரில் நாம் கண்டிருக்கிறோம். இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் மேடைகளில் அதிகம் ஏறாத பொருள். கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ, மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிற தாய் எந்த வேலைக்குப் போக முடியும், அரசு அவளுக்கு என்ன தருகிறது, தருகிற உதவி அவள் கைக்கு வருகிறதா என்பதே அது.

இது யாரோ சிலருடைய தனிப்பட்ட துயரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர், நூற்றுக்கு 2.21 பேர். அன்றைக்குத் தனியாகக் கேட்கப்படாத ஆட்டிசம், தசைச் சிதைவு போன்றவையெல்லாம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் இப்போது இடம் பெற்றிருக்கின்றன. ஆகவே நம் ஒவ்வொரு சாலிலும் இப்படி ஒரு வீடு இருந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

தாராவியில் வாழ்கிற ஒரு தாயை எண்ணிக்கொள்வோம். பிள்ளைக்குப் பத்து வயது. மூளை முடக்குவாதம். தானாக உட்கார முடியாது, தானாகச் சாப்பிட முடியாது. ஒரு வேளைச் சோறு ஊட்டவே ஒரு மணி நேரம் ஆகும். குளிப்பாட்ட, துணி மாற்ற, மருத்துவமனைக்குத் தூக்கிப் போக அவள் ஒருத்திதான். இவளுக்கு என்ன வேலை கிடைக்கும்?

காலை ஒன்பது மணிக்கு நுழைந்து மாலை ஆறு மணிக்கு வெளியே வருகிற பட்டறை வேலை இவளுக்கு ஆகாது. மாட்டுங்காவிலும் சயானிலும் பாத்திரம் தேய்க்கப் போகலாம். மற்ற பெண்கள் ஐந்து வீடு பார்த்தால், இவள் இரண்டு வீடு பார்த்துவிட்டு ஓடி வர வேண்டும். அல்லது வீட்டிலேயே இருந்து நூல் வெட்டலாம், பொத்தான் தைக்கலாம், அப்பளம் உருட்டலாம், விடியற்காலையில் எழுந்து இட்லி அவித்து விற்பவர்களிடம் கொடுக்கலாம். கொடுக்கிற கூலியைச் சரக்குக் கொண்டு வருகிறவன் தீர்மானிக்கிறான். இவளால் வெளியே போக முடியாது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தவன் கூலியை உயர்த்துவானா?

'வீட்டோடு இருக்கிற வேலையை அவளே தேர்ந்தெடுத்தாள்' என்று இதற்குப் பெயர் வைக்கிறார்கள். தோழர்களே, இரண்டு வழி இருந்தால் அல்லவா தேர்வு? ஒரு வழியை அடைத்துவிட்டு மறுவழியில் தள்ளிவிட்டால் அதற்குப் பெயர் தேர்வா?

இதே பிள்ளை மத்திய அரசு ஊழியர் ஒருவர் வீட்டில் பிறந்திருந்தால் நிலைமை வேறு. பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதிலும் சேர்த்து 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. 2018-இல் விதியைத் திருத்தி, தனித்து நிற்கும் தந்தைக்கும் அதைக் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு 18 வயது வரம்பு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பே கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்க 2014-இல் உத்தரவு வந்தது. பிள்ளையின் கல்விப் படி இரட்டிப்பு. வருமான வரி கட்டுகிறவர்களுக்குப் பழைய வரி முறையில் 75,000 ரூபாய், கடும் ஊனமானால் 1,25,000 ரூபாய் கழிவு.

இவற்றையெல்லாம் நாம் குறை சொல்லவில்லை. போராடிப் பெற்ற உரிமைகள், இருக்கட்டும். இமாசலப் பிரதேசத்தில் ஓர் அரசுக் கல்லூரிப் பேராசிரியைக்கு இந்த விடுப்பு மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலையில் பெண்கள் பங்கேற்பது சலுகை அல்ல, அரசியல் சட்டம் கோருகிற ஒன்று என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. மிக நல்லது. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பேராசிரியைக்குப் பொருந்துகிற அந்த நியாயம் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்குப் பொருந்தாதா? அவளுக்கு விடுப்பு என்பது அன்றைய கூலி போவது. நான்கு நாள் தொடர்ந்தால் வேலையே போவது.

இனி உதவித்தொகையைப் பார்ப்போம். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009-இல் வந்தது. 18 வயது நிரம்ப வேண்டும். ஊனம் நூற்றுக்கு 80 இருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் ஒரு காசும் இல்லை. தாய் விதவை என்றால் விதவை ஓய்வூதியம் கிடைக்குமா? அவளுக்கு 40 வயது ஆகியிருக்க வேண்டும். முப்பத்திரண்டு வயதில் கணவனை இழந்தவள் எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டுமாம்! கைவிடப்பட்டவளோ விதவை என்ற கணக்கிலேயே வரமாட்டாள். இத்தனை வாசலும் தாண்டினால் மத்திய அரசு தருகிற பங்கு எவ்வளவு? 2012 முதல் மாதம் 300 ரூபாய். விதவைக்கும் 300, கடும் ஊனமுற்றவருக்கும் 300. மற்றவர்களுக்கான திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்று 2016 சட்டம் சொல்கிறதே, அந்த 25 சதவீதம் எங்கே போயிற்று?

நாம் வாழும் மகாராஷ்டிரத்தில் நிலைமை கொஞ்சம் மேல். 1980 முதல் நடந்துவரும் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் விதவைகளும் கைவிடப்பட்ட பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வருகிறார்கள். 2023-இல் தொகை 1,500 ரூபாய் ஆயிற்று. 2025-இல் மாற்றுத்திறனாளிப் பயனாளிகளுக்கு அதை 2,500 ரூபாயாக்க மாநில அமைச்சரவை முடிவு செய்தது. இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் 2023-இல் தொகையை உயர்த்தியபோதும் விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 21,000 ரூபாயாகவே நின்றது. மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள்: 1,750 ரூபாய். இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தாலே இந்த நகரத்தில் அதைத் தாண்டிவிடும். உழைத்தால் உதவி இல்லை. உதவி வேண்டுமானால் உழைக்காதே, அல்லது உழைப்பதை மறைத்துவிடு! நேர்மையாகப் பிழைக்க நினைக்கும் ஒரு தாயைப் பொய் சொல்லத் தூண்டுகிற விதி நல்ல விதியாகுமா?

அடுத்து, நம்மைப் போல் மாநிலம் தாண்டி வந்தவர்களை மட்டும் கடிக்கிற முள் ஒன்று உண்டு. அதன் பெயர் குடியிருப்புச் சான்று. நிராதார் திட்டத்துக்கு மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். 2024-இல் வந்த லாட்கி பஹீண் திட்டத்தில் சான்று இல்லாதவர்கள் 15 ஆண்டுப் பழைய ரேஷன் கார்டையோ வாக்காளர் அட்டையையோ காட்டலாம் என்றார்கள். வெளிமாநிலத்தில் பிறந்து இங்கே உள்ளவரை மணந்தவள், கணவனுடைய பிறப்புச் சான்றையோ பள்ளிச் சான்றையோ காட்டலாம் என்றார்கள். நெல்லைச் சீமையில் பிறந்து, தாராவியில் வாழ்க்கைப்பட்டு, கணவன் விட்டுப் போய்விட்ட பெண் அந்தச் சான்றை யாரிடம் போய்க் கேட்பாள்? விட்டுப் போனவன் பெட்டியில் எடுத்துக்கொண்டு போன காகிதம், அவன் போன பிறகும் அவளை ஆட்டி வைக்கிறது.

சொந்த ஊரில் கேட்கலாமே என்பார்கள். தமிழ்நாட்டில் கடும் ஊனமுற்றவர்களுக்கும் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. வயது வந்த பிறகுதான் என்ற தடை அங்கே இல்லை. ஆனால் அது தமிழ்நாட்டில் வாழ்பவர்களுக்கு. ஊருக்குத் திரும்பினால் உதவி உண்டு, வேலை இல்லை. இங்கே இருந்தால் ஏதோ வேலை உண்டு, உதவி இல்லை. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே, இரண்டு கணக்கிலும் சேராமல் நிற்கிறாள் நம் தாய்.

அரிசிக்கு இந்தத் தடை உடைக்கப்பட்டிருக்கிறது. 2019-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. ஊரில் வாங்கிய அட்டைக்கு உரிய தானியத்தை இங்கே வாங்கலாம். அரிசி மாநில எல்லையைத் தாண்டும் என்றால் உதவித்தொகை ஏன் தாண்டக் கூடாது?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு தவறான கணக்கு இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலை அல்ல என்ற கணக்குதான் அது. அதே வேலையை ஒரு செவிலி செய்தால் சம்பளம். ஓர் ஆயா செய்தால் சம்பளம். பெற்றவள் செய்தால் அன்பு! அன்புக்கு விலை பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அன்புக்கு யாரும் விலை கேட்கவில்லை. அன்போடு உழைக்கிறவளுக்கும் வயிறு உண்டு, வாடகை உண்டு, இடுப்பு வலி உண்டு என்றுதான் சொல்கிறோம்.

சட்டமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பராமரிப்பவர் என்றால் ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் எவரும், பெற்றோர் உட்பட, என்று 2016 சட்டம் இலக்கணம் வகுக்கிறது. அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டத்தை அரசுகள் வகுக்க வேண்டும் என்று 24-ஆம் பிரிவு கூறுகிறது. கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் பராமரிப்பவருக்கே மாதம் 600 ரூபாய் என்று திட்டம் வகுத்தது. தொகை சிறிது, ஆனால் கொள்கை பெரிது. 'நீ செய்வது வேலை' என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது அல்லவா?

அப்படியானால் அதுவரை என்ன செய்வது? மாநில எல்லை பார்க்காத உரிமைகள் சில இருக்கின்றன. அவற்றை முதலில் கைப்பற்ற வேண்டும்.

முதலாவது, ஊனச் சான்றும் தனி அடையாள அட்டையும். எந்த மாநிலத்தில் வாங்கினாலும் நாடு முழுவதும் செல்லும். நூற்றுக்கு 40 என்ற அளவைத் தொட்டால்தான் பல கதவுகள் திறக்கும்.

இரண்டாவது, நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பன்முக ஊனம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை; இயன்முறைச் சிகிச்சையும் இதில் அடங்கும்.

மூன்றாவது, கல்வி. 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. பள்ளிக்கே போக முடியாத கடும் ஊனமுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கற்க 2012 திருத்தம் வழி செய்கிறது. பிள்ளை பள்ளிக்குப் போகும் ஐந்து மணி நேரம் தாய்க்குக் கிடைக்கிற வேலை நேரம் என்பதை நினைவில் வைப்போம்.

நான்காவது, ஜீவனாம்சம். விட்டுப் போன தந்தையின் கடமை விட்டுப் போகவில்லை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின்படி, உடல் அல்லது மனக் குறையால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு, வயது வந்த பிறகும் தந்தை பொறுப்பு.

ஐந்தாவது, ரயில் சலுகை. துணையின்றிப் பயணம் செய்ய முடியாத பிள்ளைக்கும் உடன் செல்லும் துணைக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கைப் பெட்டியிலும் 75 சதவீதக் கழிவு உண்டு.

இவற்றைப் பெற ஓர் அலுவலகத்துக்கு நான்கு நடை நடக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். பிள்ளையைப் பார்க்க ஆளும் வேண்டும். சங்கம் நுழைய வேண்டிய இடம் இதுதான். மராத்தியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த இளைஞர்கள் நம்மில் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை அவர்கள் சங்க அறையில் உட்காரட்டும். தாய் தாசில்தார் அலுவலகம் போகும் நாளில் பிள்ளையோடு இருக்க இரண்டு பெண்கள் முறை வைத்துக்கொள்ளட்டும். இது தர்மம் அல்ல. பக்கத்து வீட்டுக் கடமை.

ஆனால் பக்கத்து வீட்டுக் கடமையைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து தப்பிக்க விடக் கூடாது. எனவே நான்கு கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். 24-ஆம் பிரிவின்படி பராமரிப்பாளர் படியை எல்லா மாநிலங்களிலும் வழங்கு! தாயின் கூலியைக் காட்டிப் பிள்ளையின் உதவியை வெட்டும் வருமான வரம்பை நீக்கு! கணவனின் காகிதம் கேட்காமல், பிள்ளையின் அடையாள அட்டையைக் கொண்டு வாழும் இடத்திலேயே உதவி கொடு! அங்கன்வாடி ஆறு வயதோடு முடிந்துவிடுகிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வார்டுதோறும் பகல் காப்பகம் திற!

நான்காவது கோரிக்கையைச் சிறியது என்று எண்ண வேண்டாம். பணம் பசியைத் தீர்க்கும். காப்பகம் நேரத்தைத் தரும். நேரம் இருந்தால் அந்தத் தாய் பட்டறைக்குப் போவதா, வீட்டு வேலைக்குப் போவதா, தையல் கற்பதா, வீட்டிலேயே இருப்பதா என்று தானே முடிவு செய்வாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தேர்வு என்ற சொல் பொருந்தும்.

இந்தக் கோரிக்கை மனுவில் கையெழுத்திட்டு, உங்கள் சாலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு செல்லுங்கள். அப்படி ஒரு தாய் இருக்கும் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். அவள் வெளியே வர முடியாதவள், நாம்தான் போக வேண்டும்.