தானியங்கும் நரம்புகளும் நாம் உண்ணும் மருந்துகளும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆயினும் சென்ற மார்கழியில் என் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இப்பொருளைத் தேடிக் கற்கும்படி என்னைத் தூண்டிற்று.

ஊரிலிருந்து வந்திருந்த என் தந்தையாருக்கு வயது 72. இவ்விடத்துக் குளிர் தாங்காமல் அவருக்குச் சளி பிடித்தது. நானே கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் மூக்கொழுகல் நின்றது, நாவும் வறண்டது. மூன்றாம் நாள் இரவு சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. அடிவயிறு கல்லாய்ப் புடைக்க அவர் துடித்ததை நான் மறப்பதற்கில்லை. மருத்துவமனையில் குழாய் செலுத்தி நீரை வெளியேற்றிய பின்னரே அவருக்கு உயிர் வந்தது. "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று டாக்டர் வினவினார். மாத்திரை அட்டையை நீட்டினேன்.

அன்பர்களே, கையை அசைப்பது நம் விருப்பம். ஆனால் இதயத் துடிப்பும், குடலின் அசைவும், கண்மணி சுருங்கி விரிவதும் நம்மைக் கேட்டு நடப்பனவல்ல. அவற்றை நடத்துவன தன்னியக்க நரம்புகள். அவை இருவகை. ஆபத்து வருங்கால் இதயத்தை விரைவாக்கி, மூச்சுக்குழாயை விரித்து, உணவையும் கழிவையும் 'பிறகு பார்க்கலாம்' என்று நிறுத்தி வைப்பவை பரிவு நரம்புகள். அமைதியில் இதயத்தை மெதுவாக்கி, உமிழ்நீரைச் சுரக்கச் செய்து, செரிமானத்தையும் சிறுநீர்ப் போக்கையும் கவனிப்பவை எதிர்ப்பரிவு நரம்புகள்.

இந்நரம்புகள் உறுப்புக்கு ஆணையிடுவது எவ்வாறு? 1921-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் இரண்டு தவளை இதயங்களைத் துடிக்க வைத்தார். ஒன்றின் நரம்பைத் தூண்ட, அதன் துடிப்புத் தளர்ந்தது. அதனைச் சூழ்ந்திருந்த நீரை மற்றதன்மேல் விட, அதுவும் தளர்ந்தது! நரம்பு ஒரு இரசாயனத்தைச் சுரந்தே பேசுகிறது என்பது விளங்கிற்று. அதுவே அசிட்டைல்கோலின். இதன் பொருட்டு 1936-இல் ஹென்றி டேல் என்பாரோடு அவர் நோபல் பரிசு பெற்றார்.

அசிட்டைல்கோலின் ஒரு சாவி. உறுப்பில் அதற்கேற்ற பூட்டு உண்டு. சில மருந்துகள் திறவாத சாவியைப் போல அப்பூட்டை அடைத்துக் கொள்கின்றன. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் அத்தகையது. முற்காலத்தில் வழிப்போக்கரை மயக்கிக் கொள்ளையிட்டோர் ஊமத்தை விதையைத்தான் உணவில் கலந்தனர். அதே அட்ரோபின், சில பூச்சிமருந்துகளை உண்டு அசிட்டைல்கோலின் மிகுந்து உயிருக்குப் போராடுவோரைக் காக்கவும் செய்கிறது. நஞ்சும் மருந்தும் ஒன்றே. அளவும் தறுவாயும்தான் வேறு.

என் தந்தையார் உண்ட மாத்திரையில் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என இரண்டு மருந்துகள் இருந்தன. முன்னது எதிர்ப்பரிவுப் பூட்டை அடைத்துச் சிறுநீர்ப்பையைச் சுருங்கவிடவில்லை. பின்னது பரிவு நரம்பைப் போல நடித்துப் பையின் வாயிலை இறுக்கிற்று. முதுமையில் வீங்கிய புராஸ்டேட் சுரப்பி அவருக்கு முன்னரே வழியைக் குறுக்கியிருந்தது. என்ஜினும் நின்றது, கேட்டும் மூடிற்று. வண்டி எங்ஙனம் நகரும்?

காலனியில் நாம் கறிவேப்பிலையைக் கடன் கொடுப்பது போல மாத்திரையையும் கொடுக்கிறோம். அன்பினால் செய்வதுதான், ஆயினும் ஒருவர் படபடப்புக்கு உண்ணும் புரோப்ரனலால், ஆஸ்துமா உள்ள அண்டை வீட்டாரின் மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே உலை வைக்கக்கூடும். அதனையே நெடுநாள் உண்பவர் திடீரென நிறுத்துவதும் தீது. ஆதலின் முதியோர்க்கு மருந்து வாங்குமுன் சிறுநீர்த் தடை, கண் அழுத்தம், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உண்டா என்பதையும், வேறு என்ன மருந்து உண்கிறார் என்பதையும் டாக்டரிடம் கூறுங்கள்.

என் தந்தையார் நலமுடன் ஊர் திரும்பினார். புறப்படுகையில், "இனிச் சளி பிடித்தால் சுக்குக் கஷாயம் போதுமப்பா" என்றார். நகைத்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் நகைக்க இயலவில்லை. அப்படியொரு இரவு உங்கள் எவர் இல்லத்திலும் வரலாகாது என்பதே என் வேண்டுகோள்.