தகைவும் திரிபும்: பொருளறிவியற் சொற்கள் சில

பொருளறிவியலைப் பற்றி மொழியியல் படித்தவர் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பேச வந்தது எஃகைப் பற்றியன்று; எஃகுக்கு இடப்பட்ட சொற்களைப் பற்றி.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உடைய எஃகுக் கம்பியில் 20 கிலோகிராம் நிறையைத் தொங்கவிடுவோம். கம்பி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளும். நிறையை எடுத்தால் பழைய நீளத்துக்கு மீளும். இழுவிசைக்கு எதிராகக் கம்பிக்குள் எழும் விசையை அதன் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. நீண்ட அளவைத் தொடக்க நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. இங்கே அது ஆயிரத்தில் ஒன்று. விகிதமாதலின் அலகு இல்லை.

நம் பார்வைக்கு வந்த மொழிபெயர்ப்பொன்றில் தகைவு வரவேண்டிய இடமெல்லாம் ‘அழுத்தம்’ என்றிருந்தது. ‘மன அழுத்தம்’ என்னும் வழக்கு கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். தொங்கும் கம்பியை யாரும் அழுத்தவில்லையே! தகைத்தல் என்பது தடுத்தல். கம்பி செய்வதும் அதுவே.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தகைவு, திரிபு என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் தகைப்பு, விகாரம் என்கின்றன. இங்கே நம் கைக்கு இருவகை நூல்களும் வருகின்றன. தகைவும் தகைப்பும் ஒரே வேரின, இடரில்லை. மற்ற இரண்டும் இலக்கணத்திலிருந்து வந்தவை என்பது நமக்கு மகிழ்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் நன்னூல் விகாரம் என்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது. கம்பியிலோ எதுவும் புதிதாகத் தோன்றவில்லை, எதுவும் கெடவில்லை. வடிவம் மட்டுமே மாறுகிறது. ஆதலின் நாம் திரிபையே விரும்புகிறோம். ஆயினும் விகாரம் என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைப்பது முறையன்று.

உண்மையான குழப்பம் ‘உறுதி’ என்னும் சொல்லில் இருக்கிறது. வைரத்தை எளிதில் கீற முடியாது, அது கடினத்தன்மை. அதே வைரம் சுத்தியலடியில் உடையும். செம்பை எளிதில் கீறலாம். அடித்தால் நசுங்குமேயன்றி நொறுங்காது. கீறலைத் தாங்குவதையும் அடியைத் தாங்குவதையும் ‘உறுதி’ என்றே எழுதிவிட்டால், சுத்தியலை எதனால் செய்வது என்பது படிப்பவருக்கு விளங்காது.