நாள் பார்ப்பது யார்?

அறக்கட்டளைச் சொற்பொழிவு, சேலையூர்



இந்த அறக்கட்டளையைக் குடும்பத்தார் யார் நினைவாக ஏற்படுத்தினார்களோ, அந்த மறைந்த அம்மையார் பேறுகாலச் செவிலியாக வேலை பார்த்தவர். அவர் நினைவுக்கு, கருத்தரிக்கும் நாள் பார்க்கும் முறை பற்றிய இந்தத் தலைப்பே பொருத்தம் என்று குடும்பத்தார் சொன்னபோது எனக்கு மறுக்க வாய் வரவில்லை. நம் கத்தோலிக்கப் பங்குகளில் நடக்கும் திருமணத் தயாரிப்புப் பயிற்சியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவசரம் அவசரமாகச் சொல்லி முடிக்கப்படும் பாடம் இது. சொல்பவருக்கும் கூச்சம், கேட்பவருக்கும் கூச்சம். இன்று கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

கடவுள் கொடுக்கிற பிள்ளைகளை எல்லாம் பெற்றுக்கொள்ளச் சொல்கிறது கத்தோலிக்கத் திருச்சபை என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். உள்ளேயும் சிலர் நினைக்கிறார்கள். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. எத்தனை பிள்ளை என்பதைத் தம்பதியர் தங்கள் உடல்நலம், வருமானம், ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளின் நிலை இவற்றை எண்ணிப் பார்த்து, கடவுள் முன்னிலையில் முடிவு செய்யலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965இல் சொல்லிவிட்டது. எண்ணிக்கையில் சண்டை இல்லை. வழியில்தான் சண்டை.

அந்தச் சண்டைக்கு வயது நூறை நெருங்குகிறது. 1930 ஆகஸ்டில் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள், தகுந்த காரணம் இருந்தால் கருத்தடை கூடும் என்று முதன்முதலாக வாசலைத் திறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி திருத்தந்தை பதினோராம் பயஸ் தம் சுற்றுமடலில் அந்த வாசலை ஓங்கிச் சாத்தினார். 1951 அக்டோபரில் பன்னிரண்டாம் பயஸ் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசும்போது ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார்: கனமான காரணம் இருக்குமானால், பெண் உடலில் கருத்தரிக்காத நாட்களைப் பார்த்து நடந்துகொள்ளலாம். 1968 ஜூலையில் ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹியூமானே வீத்தே' சுற்றுமடலின் நிலைப்பாடும் இதுதான். தாம்பத்திய உறவில் இணைவு, பிறப்பு என இரண்டு பொருள்கள் உண்டு. இரண்டையும் மனிதன் தன் கையால் பிரிக்கக் கூடாது. மாத்திரை, உறை, அறுவை சிகிச்சை பிரிக்கின்றன. நாள் பார்த்து விலகியிருப்பது பிரிப்பதில்லை.

'எண்ணம் ஒன்றுதானே, குழந்தை வேண்டாம் என்பதுதானே, பிறகென்ன வித்தியாசம்?' என்று கேட்பவர்கள் உண்டு. பட்டினி கிடப்பதும் தின்றதை வாந்தியெடுப்பதும் ஒன்றா என்று திருச்சபைத் தரப்பில் திருப்பிக் கேட்பார்கள். எனக்கு இந்தப் பதில் பாதிதான் செரிக்கிறது. சுற்றுமடலுக்கு முன்பே, இந்தச் சிக்கலை ஆராய 1963இல் இருபத்திமூன்றாம் யோவான் ஒரு குழு அமைத்தார், ஆறாம் பவுல் அதை விரிவாக்கினார். இறையியலார், மருத்துவர், மணமானவர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்து பேசினார்கள். 1966இல் பெரும்பான்மையோர் போதனையை மாற்றலாம் என்றே பரிந்துரைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த சிகாகோ தம்பதியர் பாட்ரிக், பாட்ரிஷியா கிரௌலி, பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதியரின் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நாள் பார்க்கும் முறை தங்கள் வீட்டில் அமைதியைத் தரவில்லை, பதற்றத்தைத்தான் தந்தது என்று நல்ல பக்தியுள்ள பெண்களே அவற்றில் எழுதியிருந்தார்கள். ஆறாம் பவுல் பெரும்பான்மையை ஏற்கவில்லை. ஏற்காமல் விட்டதற்காக அவரை வைவது என் நோக்கமல்ல. அந்தக் கடிதங்கள் எழுப்பிய கேள்வி வேறு, சுற்றுமடல் பதில் சொன்ன கேள்வி வேறு என்பதுதான் என் பேச்சு. செயல் இயல்பானதா என்று ரோமாபுரி கேட்டது. வீட்டில் அவர் ஒத்துழைப்பாரா என்று பெண்கள் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியை நம் நாட்டு மண்ணில் வைத்துப் பார்ப்போம். உலகிலேயே முதல் அரசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை இந்தியா 1952இல் தொடங்கியது. அந்தத் திட்டம் முதலில் கையில் எடுத்த வழி எது தெரியுமா? நாள் பார்க்கும் முறையேதான். அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், காந்தியின் செயலாளராக இருந்தவர். செயற்கைக் கருத்தடை என்றாலே காந்திக்கு ஆகாது. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து வாதாடிய மார்கரெட் சாங்கரிடமும் அவர் இறங்கி வரவில்லை. மறுபுறம், உலக சுகாதார நிறுவனம் கருத்தடையில் தலையிடக் கூடாது என்று கத்தோலிக்க நாடுகள் போர்க்கொடி தூக்கியிருந்தன. ஆக, காந்தியும் கத்தோலிக்கமும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, அந்த நிறுவனத்தின் சார்பில் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் 1951இல் இந்தியா வந்தார். தில்லி லோதி காலனியிலும் பெங்களூருக்கு அருகே ராமநகரத்திலும் முன்னோட்டம் நடந்தது. படிக்காத பெண்கள் தேதியை எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள் என்று அவர்களுக்கு மணிமாலை கொடுத்தார்கள். பச்சை மணி பயமில்லாத நாள், சிவப்பு மணி ஆபத்தான நாள். தினம் ஒரு மணி தள்ள வேண்டும்.

சோதனை தோற்றது. ராத்திரி இருட்டில் நிறம் தெரியவில்லை, மணியைத் தள்ள மறந்துபோனார்கள், தள்ளினாலே போதும் கரு தங்காது என்று சிலர் நம்பினார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பவர்கள், மாலை யார் கழுத்தில் இருந்தது என்று கவனிப்பதில்லை. சிவப்பு மணி வந்த இரவில் புருஷன் கேட்க வேண்டுமே! அவனுக்கு மாலை கொடுக்கப்படவில்லை.

விஞ்ஞானம் அதற்குப் பிறகு நிறைய முன்னேறியது. ஓகினோவும் கினாஸும் 1920களில் கண்டுபிடித்த நாள்காட்டிக் கணக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருபவர்களுக்கே ஓரளவு உதவியது. 1950களில் மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸும் அவர் மனைவி ஈவ்லினும் கருப்பை வாய்ச் சளியைக் கவனிக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். முட்டை வெளிவந்தபின் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் ஒரு சுழற்சியில் ஏறத்தாழ ஆறு நாள்தான் கருத்தரிக்கும் காலம். சளி வழவழப்பாக, இழுத்தால் நூல்போல் நீளும் நாட்கள் அந்தக் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். படிப்பறிவு இல்லாத பெண்ணும் தன் உடலைப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

இது வெறும் பக்திப் பேச்சல்ல. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் இதைச் சோதித்தது. அதில் ஒரு மையம் பெங்களூர். முடிவுகள் 1981இல் வெளிவந்தன. 100க்கு 90க்கு மேற்பட்ட பெண்கள் முதல் சுழற்சியிலேயே தங்கள் சளியின் மாற்றத்தைச் சரியாக அடையாளம் கண்டார்கள். விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களிடம் ஆண்டுக்கு 100க்கு ஏறத்தாழ 3 பேரே கருவுற்றார்கள். ஆனால் மொத்தமாக எடுத்தால் அந்த எண் 20ஐத் தாண்டிவிட்டது. இடையில் என்ன நடந்தது? பெரும்பகுதி கர்ப்பங்கள், இன்று ஆபத்தான நாள் என்று தெரிந்தே கூடியதால் வந்தவை. புதுச்சேரி உட்பட ஐந்து இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுமார் 2,000 பெண்களை வைத்து நடத்திய ஆய்வும் (1996) இதே திசையைத்தான் காட்டியது. உடல் ஏமாற்றவில்லை. வேறு எங்கோ ஒப்பந்தம் முறிந்தது.

அன்னை தெரேசா 1979இல் நோபல் உரையில் தம் சபைச் சகோதரிகள் கொல்கத்தாச் சேரிகளில் இந்த முறையைக் கற்பித்ததைப் பெருமையாகச் சொல்லி, ஆறு ஆண்டில் 61,273 பிறப்புகள் குறைந்தன என்று கணக்கும் கொடுத்தார். அந்த எண்ணை நான் அப்படியே விழுங்கமாட்டேன். பிறக்காத குழந்தையை எண்ணுவது லேசான வேலையல்ல. ஆனால் சகோதரிகள் வாசல்வாசலாகப் போய், கணவன் மனைவி இருவரிடமும் திரும்பத் திரும்பப் பேசினார்கள் என்றால், வெற்றியில் பாதி அந்த நடைக்குச் சேரும்.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். நம்மூரில் இந்த விவாதம் மேடையில் நடந்தது, முடிவு பிரசவ வார்டில் எடுக்கப்பட்டது. பெரியார் 1930களிலேயே கருத்தடையைப் பற்றி 'குடி அரசு' இதழில் எழுதினார். நாட்டு மக்கள்தொகைக்காகவோ தாயின் உடல்நலத்துக்காகவோ மட்டும் அல்ல, பெண் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். சென்னை ராஜ்ய அரசு 1956இலேயே கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 'ஹியூமானே வீத்தே' வந்த அதே 1968இல்தான் நிரோத் மூன்று உறை பதினைந்து காசுக்குக் கடைகளுக்கு வந்தது. பிறகு அவசரநிலை. 1976–77 ஓராண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள், பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் வலுக்கட்டாயமாக. அரசுகள் இந்தக் கருவியைக் கையிலெடுத்து மக்கள்மேல் திணிக்கக்கூடும் என்று ஆறாம் பவுல் எட்டு ஆண்டுக்கு முன்பே எச்சரித்திருந்தார். அந்த ஒரு பத்தியை அவருடைய எதிரிகளும் இன்று மரியாதையோடு படிக்கிறார்கள்.

அவசரநிலை முடிந்ததும் ஆண்கள் அறுவை மேசையிலிருந்து இறங்கிவிட்டார்கள். அதற்குப் பின் ஏறவே இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண் கருத்தடை அறுவை 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்து, 'முடிச்சிடலாமா?' என்று ஒரு கேள்வி, மாமியார் ஒரு கையெழுத்து, விஷயம் தீர்ந்தது. கத்தோலிக்கப் பெண்களும் இந்த வரிசையில்தான் நின்றார்கள். இதைச் சொன்னால் சிலருக்குச் சங்கடம். ஆனால் இந்தியக் கிறிஸ்தவர்களின் மகப்பேறு விகிதம் 1.88, நாட்டின் சராசரியைவிடக் குறைவு. இவ்வளவும் நாள் பார்த்து வந்த குறைவு என்று எந்தக் குருவானவரும் நம்பமாட்டார்.

அந்தப் பெண்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆபரேஷனுக்கு ஒருமுறை வலி. நாள் பார்ப்பதற்கு மாதாமாதம் ஒரு பேச்சுவார்த்தை. குடித்துவிட்டு வருகிறவனிடம் இன்று சளி நூலாக நீளுகிறது என்று எந்தப் பெண் விளக்குவாள்? திருச்சபை பரிந்துரைக்கும் முறைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: பாதிச் சுமையை ஆணின் தலையில் வைக்கிறது. மாத்திரையும் காப்பர் டியும் ஆபரேஷனும் அவனை முழுக்க விடுவித்துவிடுகின்றன. பெரியாரிடமிருந்து எவ்வளவோ விலகி நிற்கும் இந்தப் போதனை, இந்த ஓரிடத்தில் ஆண்களிடம் அவரைப் போலவே கறாராக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் பாடம் மணப்பெண்ணை மட்டும் பார்த்தே சொல்லப்படுகிறது.

ஆணுறையைப் பற்றி இன்னொரு கேள்வியும் உண்டு. இங்கிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்த மருத்துவமனை 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளின் கடைசிப் புகலிடமாயிற்று. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. கணவனுக்குத் தொற்று, மனைவிக்கு இல்லை. இந்த நிலையில் ஆணுறை கருத்தடையா, உயிர்க்காப்பா? பதினாறாம் பெனடிக்ட் 2010இல் வெளியான ஒரு நேர்காணல் நூலில், நோய் பரவாமல் தடுக்கும் எண்ணத்தோடு அதைப் பயன்படுத்துவது சில சூழல்களில் பொறுப்புணர்வின் முதல் அடியாகலாம் என்றார். போதனை மாறவில்லை என்று அடுத்த மாதமே வத்திக்கான் விளக்கம் கொடுத்தது. என்னைக் கேட்டால், அந்த மனைவியின் உயிரைக் காப்பதைக் கருத்தடை என்று பெயரிடுவதே தப்பு.

இப்போது காற்று மாறி வீசுகிறது. கேரளத்தில் பாலா மறைமாவட்டம் 2021இல் ஐந்தோ அதற்கு மேலோ பிள்ளைகள் பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாக அறிவித்தது. தமிழ்நாட்டின் மகப்பேறு விகிதம் 2019–21 கணக்கெடுப்பிலேயே 1.8க்கு வந்துவிட்டது. ஆபரேஷனுக்குக் காசு கொடுத்த மாநிலத்தில், தொகுதி மறுவரையறையை மனத்தில் வைத்து முதலமைச்சரே பதினாறு பிள்ளை பெறுவது பற்றி 2024இல் சிரித்துக்கொண்டு பேசினார். ஜி.எஸ்.டி. சாலையில் குழந்தைப்பேறு சிகிச்சை விளம்பரப் பலகைகளை எண்ணிப் பாருங்கள். அன்று பிள்ளை வேண்டாம் என்பதற்காகப் பார்த்த அதே ஆறு நாட்களை, இன்று பிள்ளை வேண்டும் என்பதற்காகப் பலர் கைபேசிச் செயலியில் பார்க்கிறார்கள். அதுவும் மனைவியின் கைபேசிதான்.

பங்குத் தந்தையரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திருமணத் தயாரிப்புப் பயிற்சியில் இந்தப் பாடத்தை மணமகன்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் வையுங்கள். மணமான ஓர் ஆணையே பேச அழையுங்கள். அட்டவணைத் தாளை அவர்கள் கையில் கொடுத்து, முதல் மூன்று மாதம் அதை நிரப்புகிற வேலை அவர்களுடையது என்று சொல்லுங்கள். மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.