ஆளுநரான ஆசிரியர்



டாக்டர் ஜாகிர் உசேனைக் குடியரசுத் தலைவராக நாடே அறியும். 1957 ஜூலை முதல் 1962 மே வரை அவர் பீகார் ஆளுநராக இருந்ததைப் பலரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த ஐந்தாண்டுகளை, அவர் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தை நடத்திய 22 ஆண்டுகளோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒத்துழையாமை இயக்கத்தில் பிறந்த ஜாமியாவை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது அவர் பெர்லினில் படித்துக்கொண்டிருந்தார். நண்பர்களுடன் வந்து பணியாற்றுவதாக அங்கிருந்தே செய்தி அனுப்பினார். 1926இல் பொருளியல் முனைவராகத் திரும்பி, 29 வயதில் அதன் துணைவேந்தரானார். மறு ஆண்டே, பணத்துக்கு அலைந்து திரிந்து ஜாமியாவைத் தாங்கிவந்த ஹக்கீம் அஜ்மல் கான் காலமானார். கையில் காசில்லை. அப்போது ஜாகிர் உசேனும் உடனிருந்த ஆசிரியர்களும் ஓர் உறுதிமொழி எடுத்தார்கள்: 20 ஆண்டுகள் இங்கேயே பணியாற்றுவோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்கமாட்டோம். சொன்னபடியே நடந்தார்கள். 1935இல் டெல்லி ஓக்லாவில் புதிய கட்டடம் எழுந்தபோது அடிக்கல் நாட்டியவர் தலைவர் எவருமல்லர், பள்ளியிலேயே வயதில் மிகச் சிறிய மாணவன். ஜாகிர் உசேனின் கல்விக் கொள்கையை இதைவிடத் தெளிவாக நான் எப்படிச் சொல்வது!

1937இல் காந்தியடிகள் கூட்டிய வார்தா மாநாடு கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்விக்கான குழுவை ஜாகிர் உசேன் தலைமையில் அமைத்தது. நம் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவும் யாழ்ப்பாணத்து ஆரியநாயகமும் அதில் இருந்தார்கள் என்பதைத் தமிழ் ஆய்வாளர்கள் மறந்துவிடலாகாது.

இத்தகையவர்தான் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பையும் முடித்து, பீகார் ஆளுநராகப் பாட்னா சென்றார். ஆளுநரே பல்கலைக்கழகங்களின் வேந்தர். அவர் காலத்தில்தான் 1960இல் ராஞ்சி, பாகல்பூர் பல்கலைக்கழகங்களும், 1961இல் தர்பங்கா சமஸ்கிருதப் பல்கலைக்கழகமும், 1962இல் மகத் பல்கலைக்கழகமும் தோன்றின. அவற்றைச் சட்டமன்றமும் அரசும் உருவாக்கின. அந்தப் பெருமையை அவருக்கே எழுதிவைப்பது நேர்மையாகாது. ஆனால், வறுமையில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டிக்காத்தவர் வேந்தராக அமர்ந்தபோது துணைவேந்தர்களிடம் என்ன கேட்டார், எதற்கு இசைந்தார், எதை மறுத்தார்? இன்று பல்கலைக்கழகங்கள் குறித்து ஆளுநர்களுக்கும் மாநில அரசுகளுக்கும் இடையே இத்தனை வழக்குகள் நடக்கும்போது, நமக்கு வேண்டிய கேள்விகள் இவை.

இவற்றுக்கான விடையைப் புகழுரைகளில் தேடாதீர்கள். ஆளுநர் மாளிகைக் கோப்புகளையும் அக்காலச் செனட் நடவடிக்கைக் குறிப்புகளையும் சட்டமன்ற விவாதங்களையும் தேடிப் படியுங்கள். இளைய ஆய்வாளர்களில் இருவர் மூவராவது அந்தப் பணியை ஏற்று இங்கிருந்து செல்ல வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.