அம்மா வீட்டுக் கதவு

(எமது வானொலியின் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு புத்தகத்தைப் பற்றி உங்களோடு கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன். கடையில் தேடினால் கிடைக்காது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்த புத்தகம். மொத்தம் பதினைந்து பிரதிகள்தான் அச்சடித்தோம்.

அம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்தது. எங்கள் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990 ஆனியில் எனக்குப் பன்னிரண்டு வயது. உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். இரண்டு நாளில் திரும்பி வரலாம் என்று நினைத்து அம்மா அல்பத்தை அலுமாரியிலேயே விட்டுவிட்டு வந்தார். பிறகு அந்த இடம் உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்டது. பல வருடங்களுக்குப் பின் அந்தப் பக்கக் காணிகள் சில விடுபட்டபோது சொந்தக்காரர் ஒருவர் போய்ப் பார்த்தார். வீடு இருந்த இடத்தில் பற்றைதான் இருக்கிறது, கிணற்றைக்கூடக் காணவில்லை என்றார். ஆகவே எங்களிடம் அந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.

என் மகள் இங்கே பிறந்தவள். அம்மம்மா சொல்லும் ஊர்க் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். அவள்தான் இந்த யோசனையைச் சொன்னாள். “அம்மா, கதைகளை நீங்கள் எழுதுங்கோ. படங்களை நான் ஏஐயிலை செய்விக்கிறன். புத்தகமா அடிச்சு அம்மம்மாவுக்குக் குடுப்பம்.”

கேட்க எவ்வளவு நல்ல யோசனை! ஒரு சனிக்கிழமை பின்னேரம் கணினிக்கு முன்னால் இருந்தோம். நான் தமிழில் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதுவாள். ஒரு நிமிடம் ஆகாது, நான்கு படங்கள் வரும். பிடித்ததை வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குள் இருபத்திநான்கு படங்கள் சேர்ந்துவிட்டன. இணையத்தில் அச்சகம் ஒன்றுக்குக் கோப்பை அனுப்பினோம். பத்து நாளில் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. மினுமினுக்கும் அட்டை, நல்ல கனமான தாள். எனக்கே பெருமையாக இருந்தது.

பிறந்தநாள் அன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஆறுதலாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: “நல்ல வடிவாயிருக்கு. ஆற்ற வீடு இது?”

மகளின் முகம் வாடிவிட்டது. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

பிறகு நானும் அம்மாவின் கண்ணால் அந்தப் படங்களைப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆறு ஓடுகிறது. அதற்கப்பால் நீலமாக ஒரு மலை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு ஏது, மலை ஏது? “மாரியிலை ஓடுற வழுக்கியாறும் எங்கட வளவுக்குள்ளாலை வரேல்லை” என்றார் அம்மா. பனை என்று கேட்ட இடத்தில் தென்னை நின்றது. கிடுகு வேலி இருக்கவேண்டிய இடத்தில் மூங்கில் வேலி. துலாக் கிணற்றைக் கேட்டோம், கப்பிக் கிணறு வந்தது. எங்கள் ஊர் செம்மண் ஊர். புகையிலையும் வெங்காயமும் வாழையும்தான் அங்கே உண்டு. படத்திலோ கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை நெல்வயல். அம்மம்மாவின் தாயாராக வந்த பெண் மூக்குத்தியும் கழுத்து நிறைய நகையுமாக வடஇந்தியக் கல்யாணப் பெண் மாதிரி அடுப்படியில் நின்றார். பள்ளிக்கூடச் சுவரில் தமிழ் எழுத்துப் போல ஏதோ இருந்தது. கிட்டப் பார்த்தால் இடியப்பம் பிழிந்து வைத்த மாதிரி.

ஏன் இப்படி வந்தது என்று நான் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். நேயர்களுக்கு அது பயன்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தப் படம் செய்யும் இயந்திரங்களில் பெயர்பெற்ற ஒன்று ஸ்டேபிள் டிஃபியூஷன். அதன் அடிப்படை ஆராய்ச்சி நடந்தது வேறெங்குமல்ல, எங்கள் ஜேர்மனியில், மூன்சென் பல்கலைக்கழகத்தில். 2022 ஆவணியில் பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. அதைப் பழக்கிய படங்களின் பட்டியலைத் தொகுத்தது லையோன் என்ற அமைப்பு. அதுவும் ஹம்பேர்க்கில் பதிவான ஒரு சங்கம்தான். அவர்களுடைய பெரிய தொகுப்பில் 585 கோடி படங்களின் இணைய முகவரிகளும் ஒவ்வொன்றுக்கும் உரிய விளக்க வசனமும் இருந்தன. இயந்திரத்துக்குப் பனை என்றால் என்னவென்று தெரியாது. பனை என்ற சொல்லோடு இணையத்தில் எந்த விதமான படங்கள் சேர்ந்து கிடந்தன என்பதுதான் தெரியும். அந்தச் சராசரியிலிருந்து புதிதாக ஒன்றை உண்டாக்கித் தருகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் படங்கள் இணையத்துக்கு எப்போது போயின? அவை அலுமாரிகளோடு எரிந்தன. பங்கருக்குள் நனைந்தன. ஓடிய வழியில் விழுந்தன. இணையம் வருவதற்கு முன்னமே போய்விட்ட படங்களை எந்த இயந்திரம் எங்கே பார்த்திருக்கும்? ஆனால் “எனக்குத் தெரியாது” என்று அது சொல்லாது. கேட்டால் ஏதாவது ஒன்றை வரைந்து தந்துவிடும். அதுவும் மிக வடிவாக.

இதுவரைக்கும் நான் சொன்னது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். எனக்கு நித்திரை கெட்டது பிறகு நடந்த ஒன்றால்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். அம்மா கனடாவில் இருக்கும் சின்னம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் நின்றேன். “எங்கட முன்விறாந்தை நீலக் கதவு ஞாபகமோ?” என்று அம்மா கேட்பது காதில் விழுந்தது. கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டேன். நீலக் கதவு புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. இயந்திரம் போட்ட கதவு அது. எங்கள் வீட்டுக் கதவு நீலமா? நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். எனக்கும் நீலமாகத்தான் தெரிந்தது! பன்னிரண்டு வருடம் நான் திறந்து மூடிய கதவு அது. அதன் உண்மையான நிறம் இப்போது என்னிடம் இல்லை. முன்பாவது இருந்ததா என்றும் சொல்லத் தெரியவில்லை.

பேர்லினில் வாழும் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜேர்மன் புகைப்படக் கலைஞரை நேயர்களில் சிலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2023இல் சொனி உலகப் புகைப்படப் போட்டியில் ஒரு பிரிவில் அவருடைய படம் முதலிடம் பெற்றது. பழைய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு பெண்கள். ஏப்ரலில் லண்டனில் நடந்த விழாவில் அவர் பரிசை ஏற்க மறுத்தார். அது செயற்கை நுண்ணறிவால் செய்த படம், அதற்கும் புகைப்படத்துக்கும் ஒரே போட்டி இருக்கக்கூடாது என்றார். அந்தப் படத் தொடருக்கு அவர் வைத்த பெயர் ‘சூடோம்னீசியா’. பொய் ஞாபகம் என்று பொருள். நடக்காத ஒன்றை நடந்ததாக நினைவில் வைத்திருப்பது. செய்தி வந்தபோது அதைக் கலைஞர்களின் சண்டை என்று விட்டுவிட்டேன். அம்மாவின் நீலக் கதவுக்குப் பிறகுதான் அந்தப் பெயர் எனக்கு உறைத்தது.

ஊரில் வீடும் ஆல்பமும் உள்ள ஒருவர் இப்படி விளையாடினால் பெரிய நட்டமில்லை. பிழையான படத்துக்குப் பக்கத்தில் சரியான படத்தை வைத்துப் பார்க்கலாம். எங்களிடம் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லையே. என் மகளின் பிள்ளைகள் நாளைக்கு அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அந்த ஆறும் மலையும்தான் அவர்களுக்கு ஊர்.

உங்களில் சிலர் இதே போலப் புத்தகம் செய்ய எண்ணியிருக்கலாம். சிலர் விற்பனைக்கும் போடுகிறீர்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் போதாது என்பது உண்மை. ஆகவே தெரிந்துகொள்ளவேண்டிய சில விஷயங்கள் உண்டு.

ஜேர்மன் பதிப்புரிமைச் சட்டம் மனிதருடைய சொந்த அறிவுப் படைப்பைத்தான் பாதுகாக்கிறது. வசனம் எழுதிக் கொடுத்து இயந்திரம் செய்து தந்த படத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது. நீங்கள் எழுதிய கதை உங்களுடையது. படத்தை வேறொருவர் எடுத்துத் தன் புத்தகத்தில் போட்டால் தடுப்பது கடினம். அமேசோன் நிறுவனம் 2023 புரட்டாதியிலிருந்து, தன் மூலம் சுயமாக வெளியிடுபவர்கள் எழுத்தோ படமோ அட்டையோ செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கப்பட்டதா என்று அறிவிக்கவேண்டும் என்கிறது. மறைக்காதீர்கள். புத்தகத்திலும் வெளியீட்டு விபரப் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தங்கள் படங்களைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று கலைஞர்கள் கோபப்படுவதும் நியாயமே. ரொபேர்ட் க்னெஷ்கே என்ற புகைப்படக்காரர் லையோன் மீது ஹம்பேர்க்கில் வழக்குப் போட்டார். ஆராய்ச்சிக்காகத் தொகுத்தது சட்டப்படி சரி என்று 2024 புரட்டாதியில் தீர்ப்பு வந்தது. 2025 மார்கழியில் மேல்நீதிமன்றத்திலும் அவர் வெல்லவில்லை. அதே தொகுப்பில் பிரேசில் நாட்டுச் சிறுபிள்ளைகளின் குடும்பப் படங்களும் இருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் அமைப்பு 2024இல் கண்டுபிடித்தது. பேரப்பிள்ளைகளின் படங்களை இந்தச் செயலிகளுக்குள் ஏற்ற முன்னர் ஒருதரம் யோசியுங்கள்.

இன்னொன்று. ஜேர்மனியில் வெளியிடப்படும் புத்தகத்தின் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். சுயமாக வெளியிடுபவருக்கும் அது பொருந்தும். ஒன்று லைப்சிக்கில் இருக்கும், மற்றது பிராங்பேர்ட்டில். நாங்கள் எங்கள் புத்தகத்தை வீட்டோடு வைத்துக்கொண்டதால் தப்பினோம். விற்பனைக்கு விட்டிருந்தால், ஆறு ஓடும் அந்த யாழ்ப்பாணம் இரண்டு நூலகங்களில் எங்களுக்குப் பிறகும் பத்திரமாக இருந்திருக்கும்.

இயந்திரத்தையே தொடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நரியும் காகமும் கதைக்கும் கதைக்கு, சந்திரனுக்குப் போகும் முயலுக்கு அது வரையட்டும். சந்திரனில் முயலின் வீட்டை யாரும் பிழை சொல்ல மாட்டார்கள். அதிலும் ஒரு பக்கம் இருக்கிறது. 2022 மார்கழியில் அமெரிக்காவில் அம்மார் ரெஷி என்பவர் ஒரு வார இறுதிக்குள் ‘அலிஸ் அன்ட் ஸ்பார்க்கிள்’ என்ற சிறுவர் புத்தகத்தைச் செய்து விற்பனைக்கு விட்டபோது ஓவியர்கள் கொதித்தெழுந்தார்கள். எங்கள் பிள்ளைகளிலும் ஓவியம் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு மேளக் கச்சேரி பிடிக்கக் காசு சேர்க்கும் நாங்கள், ஒரு புத்தகத்துக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு முந்நூறு யூரோ கொடுக்க யோசிப்பது எனக்கு விளங்கவில்லை.

உண்மையான படம் வேண்டுமென்றால் தேட இடங்கள் உண்டு. போருக்கு முன்னமே வெளிநாடு போன சொந்தக்காரருக்கு ஊரிலிருந்து கல்யாணப் படங்கள், சாமத்தியப் படங்கள் தபாலில் போயிருக்கும். மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் வேலி தெரியும், கிணற்றடி தெரியும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய ஊர் மலர்கள், பாடசாலை மலர்கள் இருக்கின்றன. நாங்கள் சின்னம்மாவிடம் கேட்டோம். அவருடைய பெட்டியில் எங்கள் வளவில் எடுத்த ஒரு படம் அகப்பட்டது. மாமரத்தின் கீழே நான்கு பேர் நிற்கிறார்கள். கறுப்பு வெள்ளை. மூலையில் வீட்டின் ஒரு தூண் மட்டும்.

அதற்குப் பிறகு மகள் அம்மாவின் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தாள். “எனக்குக் கீறத் தெரியாது பிள்ளை” என்றார் அம்மா. “வீட்டைக் கீறவேண்டாம் அம்மம்மா, எது எங்கை இருந்ததெண்டு மட்டும் காட்டுங்கோ.” அம்மா ஒரு சதுரம் போட்டார். இது விறாந்தை. இது சாமியறை. இஞ்சை ஆட்டுக்கல். துலா இந்தப் பக்கம் சரியும். கை நடுங்கியதால் கோடும் நடுங்கியது. கீறக் கீறக் கதை வந்தது. புத்தகத்தில் இல்லாத கதைகள். துலாவில் ஏறி விளையாடி விழுந்து மண்டை உடைந்தது, புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் கட்டும்போது பாம்பு வந்தது. மகள் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பதிவுசெய்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தன.

இப்போது இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போயிருக்கிறது. அம்மா கீறிய வரைபடங்கள், மாமரத்துப் படம், பிறகு மகள் அம்மாவைக் கேட்டுக் கேட்டு வரைந்த ஏழு படங்கள். வடிவு என்று சொல்லமுடியாது. மகளுக்கு மாடு வரைய வராது. அது நாய் மாதிரித்தான் இருக்கிறது.

மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது மகள் வர்ணப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “அம்மம்மா, கதவுக்கு என்ன கலர்?”

அம்மா கனநேரம் யோசித்தார். “நீலம் எண்டுதான் வாயிலை வருகுது. ஆனா அது உன்ரை புத்தகத்திலை பாத்ததெல்லே. கதவுக்குப் பெயின்ற் அடிச்சது கொப்பர்தான்” என்று என்னைப் பார்த்தார். அப்பா இறந்து பதினொரு வருடமாகிறது.

“அப்பிடியே விடு பிள்ளை” என்றார்.

கதவு வெள்ளைத் தாளாகவே இருக்கிறது.